லைன்ல இருக்கேன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். நான் பெங்களூரில், அவர் தேவாரத்தில். மழை, மாத்திரை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. நடுவில் திடீரென்று, "தம்பி, லைனை இடிக்கப் போறாங்களாம்ப்பா" என்றார்.

"எந்த லைன்மா? ரயில்வே லைனா?"

"தேவாரத்துக்கு ஏதுடா ரயிலு? லைனுடா. மலையில அம்மாச்சி இருந்துச்சுல்ல, அந்த லைனு."

அப்போதுதான் புரிந்தது. பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டம். அதில் வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகள். அம்மா பிறந்தது அங்கேதான். நான் பிறப்பதற்கு முன்பே குடும்பம் கீழே இறங்கி வந்துவிட்டது. நான் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. இடிப்பதற்கு முன்னால் ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அதை நேராகக் கேட்காமல், 'இடிக்கப் போறாங்களாம்' என்று தகவலாகச் சொன்னார். நான் ரயிலைப் பற்றிக் கேட்டேன்.

போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தப் பத்து நிமிடப் பேச்சில் அம்மா 'லைன்' என்ற சொல்லை ஆறு விதமாகப் பயன்படுத்தியிருந்தார். காலையிலிருந்து லைன் வரவில்லை. லைன்மேன் வந்து பார்த்துவிட்டுப் போனார். ரேஷன் கடையில் லைனில் நின்று கால் வலி. "பால்காரர் வந்திருக்காரு, லைன்லயே இரு." பக்கத்து வீட்டுக் கல்யாணம் எப்படி முடிவானது என்றால், அந்தப் பையன் மூன்று வருடமாக அந்தப் பெண்ணுக்கு லைன் அடித்துக்கொண்டிருந்தானாம். ஆறாவது, இடிக்கப்போகிற லைன். ஐந்து அர்த்தங்கள் எனக்குத் தடங்கலில்லாமல் புரிந்தன. ஆறாவதில் தடுக்கி விழுந்தேன்.

ஏன் என்று தேடப் போனதில் சேர்ந்தவைதான் கீழே இருப்பவை.

முதலில், நாம் எப்படிக் குழம்பாமல் இருக்கிறோம்?

கவனித்துப் பார்த்தால், தமிழில் 'லைன்' என்ற பெயர்ச்சொல் தனியாக நின்றால் கிட்டத்தட்ட ஒன்றுமே சொல்வதில்லை. அர்த்தத்தைத் தருவது பின்னால் வரும் வேற்றுமை உருபும் வினைச்சொல்லும்தான். 'லைன் வந்துருச்சு' என்றால் கரண்ட். 'லைன் கிடைக்கல' என்றால் போன். 'லைன்ல வா' என்றால் வரிசை. 'லைனுக்குப் போயிருக்காரு' என்றால் கடை கடையாகச் சரக்குப் போடவோ, கொடுத்த கடனை வாராவாரம் வசூல் பண்ணவோ போயிருக்கிறார். 'லைன் அடிக்கிறான்' என்பதற்கு விளக்கம் வேண்டாம். 'நீங்க என்ன லைன்?' என்று ரயிலில் எதிர் சீட்டுக்காரர் கேட்டால் தொழிலைக் கேட்கிறார். 'கம்ப்யூட்டர் லைன்' என்று நானும் பலதடவை பதில் சொல்லியிருக்கிறேன்.

இந்த முறை எப்போது உடையும்? உருபும் வினையும் பொதுவாகிப் போகும்போது. 'லைன்ல இருக்கேன்' என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். போனில் காத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். ரேஷன் கடையில் நிற்கிறார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு தொழிலில் இருக்கிறார், லைன் வீட்டில் குடியிருக்கிறார், கம்பத்தில் ஏறி வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றும் ஆகலாம். ஐந்தும் சரியான தமிழ். எது என்று தெரிய, சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'இடிக்கப் போறாங்க' என்று அம்மா சொன்னபோது எனக்குத் தெரியாமல் போனது அதுதான். அம்மா பேசிக்கொண்டிருந்தது தேவாரத்தில் இருந்து, ஆனால் நினைப்பு மலைமேல் இருந்தது.

இனி சொல்லின் பிறப்பு. லத்தீனில் லீனும் என்றால் ஆளிச் செடி. இப்போது சூப்பர் மார்க்கெட்டில் உடம்புக்கு நல்லது என்று விற்கிறார்களே, அந்த ஆளி விதையின் செடிதான். அதன் தண்டிலிருந்து நார் எடுத்து நூல் திரிப்பார்கள். அந்த நூலுக்கு லீனியா என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் லைன். லினன் துணியும் அதே வேர். சட்டைக்குள் வைத்துத் தைக்கும் லைனிங்கும் அப்படித்தான். ஒரு காலத்தில் உள்துணி லினனில்தான் வைப்பார்கள். ஆக, லைன் என்பது முதலில் தாளில் கிழித்த கோடு இல்லை. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து இழுத்தால் விறைத்து நிற்கிற கயிறு.

நமக்கு இது புதிது இல்லை. இதே பாதையில் தமிழில் ஒரு சொல் போயிருக்கிறது: நூல். திரித்தால் நூல், எழுதினாலும் நூல். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்திலேயே விளக்கிவிட்டார். பஞ்சு நூலாவதைப் போலச் சொற்கள் சேர்ந்து நூலாகின்றன என்பது ஒரு காரணம். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் காட்டிச் சரி செய்வதுபோல, மனதின் கோணலைப் படிக்கிற நூல் சரி செய்கிறது என்பது இன்னொரு காரணம். இன்றைக்கும் கொத்தனார் நூல் பிடித்துத்தான் சுவர் எழுப்புகிறார். ஆசாரியிடம் 'ஒரு நூல் குறைச்சு இழைங்க' என்றால் அரைக்கால் இன்ச் குறைப்பார். எட்டு நூல் ஒரு இன்ச். ஆங்கிலத்திலும் லைன் ஒரு அளவாக இருந்தது. அங்கே பன்னிரண்டு லைன் ஒரு இன்ச். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பட்டன் அளவை இன்னும் லைனில்தான் சொல்கிறார்கள். அது வேறு கணக்கு, 40 லைன் ஒரு இன்ச். இரண்டு மொழிகள், ஒன்றையொன்று பார்க்காமலே, நூலைக் கையில் எடுத்து அளக்கவும் எழுதவும் பயன்படுத்தியிருக்கின்றன.

தமிழில் இன்னொரு சொல்லும் உண்டு: வரி. எழுதும் வரி, புலியின் உடம்பில் உள்ள வரி, அரசாங்கத்துக்குக் கட்டும் வரி. இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. மலைத் தோட்டங்களைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். லைன் ரூம்ஸ் என்று இருந்த இடத்தில் 'வரி அறைகள்' என்று வந்தது. தொழிலாளிகள் எல்லாரும் வருமான வரி அலுவலகத்தில் குடியிருந்த மாதிரி ஆகிவிட்டது. சிரித்தேன். அப்புறம், நானே ரயில்வே லைனா என்று கேட்டவன்தானே என்று ஞாபகம் வந்தது.

எல்லா லைன்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது, மூன்று வகை இருப்பதாகத் தோன்றியது: ஓடுகிற லைன், நிற்கிற லைன், முனையே இல்லாத லைன்.

முதலில் ஓடுகிற லைன். ரயில், கரண்ட், போன், பஸ் எல்லாம் இதில் அடக்கம். எங்கள் பக்கத்தில் 'லைன்' என்று மரியாதையோடு சொன்னால் அது மதுரை–போடி லைன்தான். 1928-இல் வந்தது, சுமார் 90 கிலோமீட்டர். மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய்க்கு போடிதான் சந்தை என்பதால் ரயிலும் மலை அடிவாரம் வரை போய் நின்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சேவை நின்றுபோய், 1950-களில் மறுபடி ஓடியது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 கடைசியில் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதம். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் எங்கள் ஊர்க்காரர்களுக்கு 'லைன் எப்ப வரும்?' என்பது கரண்டைப் பற்றிய கேள்வியும்தான், ரயிலைப் பற்றிய கேள்வியும்தான்.

ரயில்வேயில் ஒரு அருமையான சொல் உண்டு: லைன் கிளியர். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது. அதனால் ஒரு ஸ்டேஷனிலிருந்து வண்டியை அனுப்பும் முன், அடுத்த ஸ்டேஷனில் இருப்பவர் 'என் பக்கம் காலி, அனுப்பு' என்று அனுமதி தரவேண்டும். அதுதான் லைன் கிளியர். இந்தப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் எட்டிப் பார்த்து, தண்டவாளம் காலியாகத்தானே இருக்கிறது என்று அவராகவே முடிவு செய்ய முடியாது. அனுமதி மறுமுனையிலிருந்துதான் வரவேண்டும்.

மின்வாரியத்திலும் இதே சொல். லைன்மேன் கம்பத்தில் ஏறும் முன் லைன் கிளியர் வாங்க வேண்டும். துணை மின்நிலையத்தில் இருப்பவர் அந்த லைனை அணைத்து, பதிவேட்டில் எழுதி, அனுமதி தருவார். வேலை முடிந்து, வாங்கியவரே திருப்பி ஒப்படைத்த பிறகுதான் மறுபடி கரண்ட் விடவேண்டும். ஒரு மழை நாளில் கரண்ட் போய்விட்டது என்று நாம் வீட்டுக்குள் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், கம்பத்து மேல் ஒரு ஆளின் உயிர் அந்தப் பதிவேட்டு வரியில் இருக்கிறது. பேச்சு வழக்கில் இப்போது 'அப்பா ஓகே சொல்லிட்டாரு, லைன் கிளியர்' என்று காதலுக்கும் கட்சி சீட்டுக்கும் சொல்கிறோம். அதன் அடிப்படை மாறவில்லை: மறுமுனையில் ஒருவர் இருக்கிறார், அவர் சொல்லிவிட்டார்.

இரண்டாவது, நிற்கிற லைன். வரிசை. கியூவும் இதில்தான் வரும், வீடும் இதில்தான் வரும். வீடு எப்படி லைன் ஆனது?

இது ராணுவத்திலிருந்து வந்தது. ஆங்கிலேயர் படைமுகாமில் சிப்பாய்களின் கூடாரங்களும் குடிசைகளும் வரிசை வரிசையாக நிற்கும். அந்த வரிசைகளுக்கு லைன்ஸ் என்று பெயர். போலீஸ்காரர்களின் குடியிருப்பை இன்றைக்கும் போலீஸ் லைன் என்கிறோம். வடநாட்டு ஊர்களில் சிவில் லைன்ஸ் என்ற பகுதி இருக்கும். தோட்டக்காரர்கள் மலையில் காடு வெட்டிக் காப்பியும் தேயிலையும் போட்டபோது, கீழேயிருந்து கொண்டுபோன கூலியாட்களுக்கு அதே மாதிரியில் வீடு கட்டினார்கள். நீளமாக ஒரே கூரை. நடுவில் தடுப்புச் சுவர்கள். ஒரு தடுப்புக்கு ஒரு குடும்பம். பக்கத்து அடுப்புப் புகை இந்த வீட்டுக்குள் வரும்.

இந்த முறை எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் சொல்லும் போனது. இலங்கை மலையகத் தமிழில் அது லயன், லயன் காம்பிரா. இடுக்கிப் பக்கம் மலையாளத்தில் லயம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் லைன்தான். எங்கள் மாமா ஒருவர், 'லயம்னா லாயம்டா, குதிரை கட்டுற இடம். நம்மளை அப்படித்தான் வச்சிருந்தான்' என்பார். இலங்கையில் லயன் என்று 'ன்' ஒட்டியிருப்பதைப் பார்த்தால் அது லைனிலிருந்து வந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் மாமா சொன்னதைச் சுத்தமாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. ஏனென்றால், படைமுகாமில் குதிரைகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டி நிறுத்தும் இடத்துக்கும் ஆங்கிலத்தில் லைன்ஸ் என்றுதான் பெயர்.

லைன் வீட்டின் முக்கியமான குணம் அதன் அளவு இல்லை. அது வேலையோடு ஒட்டிய வீடு. 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு முதலாளி வீடு தரவேண்டும் என்று சொன்னது. நல்ல சட்டம்தான். ஆனால் வீடு முதலாளியுடையது. வேலை இருக்கிறவரை வீடு. வயதாகி வேலை நின்றால் வீட்டையும் விடவேண்டும், அல்லது பிள்ளைகளில் ஒருவர் அதே வேலைக்குப் போக வேண்டும். நாற்பது வருடம் குடியிருந்தாலும் பட்டா கிடையாது. அம்மா ஒருதடவை சொன்னார்: "அது நாங்க இருந்த வீடு, எங்க வீடு இல்ல."

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, மூணாறு அருகே ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத்தின் நான்கு லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் போனவர்கள். அந்த வீடுகளை எந்த இடத்தில் கட்டுவது என்று முடிவு செய்தது அங்கே குடியிருந்தவர்கள் இல்லை. ஒரே கூரை, ஒரே சுவர், ஒரே சரிவு என்பதால் வரிசை முழுக்க ஒன்றாகப் போனது. அன்றைக்குச் செய்தியில் 'லயங்கள்' என்று படித்தபோது அது அம்மா சொல்லும் 'லைன்'தான் என்று எனக்கு உறைக்கவில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மூன்றாவது, முனையே இல்லாத லைன். இது கம்பம் பள்ளத்தாக்கின் சோற்றோடு சம்பந்தப்பட்டது.

1886 அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் ஒரு குத்தகைப் பத்திரம் எழுதப்பட்டது. பெரியாற்றில் அணை கட்டி, தண்ணீரைக் கிழக்கே திருப்ப. 999 வருடம். 8000 ஏக்கர். ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய், ஆக 40,000 ரூபாய். 1970-இல் அதை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆக்கினார்கள். மேஜர் ஜான் பென்னிகுவிக் 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் முடிந்தது. மேற்கே அரபிக்கடலுக்குப் போகவேண்டிய தண்ணீர், மலையைக் குடைந்த ஒரு மைலுக்குச் சற்று அதிகமான சுரங்கம் வழியாக நம் பக்கம் வந்தது. மழை எந்தப் பக்கம் விழுந்தால் எந்தக் கடலுக்குப் போகும் என்று மலை முகடு போட்டிருந்த கோட்டை, அந்தச் சுரங்கம் துளைத்தது. இன்றைக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைவது அதனால்தான்.

குத்தகை நிலத்தின் எல்லை எது? பத்திரம் அதை ஒரு லைனை வைத்துச் சொல்கிறது: அணை இருக்கும் இடத்தில் ஆற்றின் மிக ஆழமான புள்ளியிலிருந்து 155 அடி உயரத்தில் போகும் சமஉயரக் கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பது குத்தகை நிலம்.

சமஉயரக் கோடு என்றால் என்ன? ஒரு கிண்ணத்தில் பாதி தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரின் விளிம்பு கிண்ணத்தின் சுவரைத் தொடும் இடம்தான் அந்த உயரத்தின் கோடு. கிண்ணம் ஒழுங்கான வட்டம். மலை அப்படி இல்லை. அதனால் ஒவ்வொரு ஓடையிலும் உள்ளே புகுந்து, ஒவ்வொரு மேட்டையும் சுற்றி, கோடு வளைந்து வளைந்து போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். தொடக்கம் இல்லை, முடிவு இல்லை. ஒருவர் ஒரு முனையைப் பிடித்து நிற்க முடியாது. இந்த லைனில் கேட்கக்கூடியது ஒரே கேள்விதான்: உள்ளேயா, வெளியேயா?

அந்தக் காலத்தில் இது புத்திசாலித்தனமான எல்லை. தண்ணீர் தேங்கும் இடத்துக்குத்தானே குத்தகை, அதனால் தண்ணீரையே கோடு போடச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அணையின் முழுக் கொள்ளளவு 152 அடி. 1979-க்குப் பிறகு 136 அடிக்கு இறக்கினார்கள். நீண்ட வழக்குக்குப் பின் 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 142 அடியை உறுதி செய்தது. எப்படிப் பார்த்தாலும் தண்ணீர் 155-ஆவது அடிக்கு வருவதில்லை. அதனால் அந்தக் கோடு தண்ணீர் வரையாத கோடாகவே இருக்கிறது. வரைபடத்திலும் அளவைக் கருவியிலும் மட்டும்தான் உயிர்.

இதனால் என்ன ஆகும் என்பதற்குத் தேக்கடி ஆனவச்சாலில் கேரளம் அமைத்த பெரிய கார் நிறுத்துமிடம் ஒரு உதாரணம். அது குத்தகைக் கோட்டுக்குள் வருகிறது என்று தமிழ்நாடு 2014-இல் உச்ச நீதிமன்றம் போனது. கோட்டுக்கு வெளியே என்றது கேரளம். 2023-இல் இந்திய சர்வே துறையை அளக்கச் சொன்னது நீதிமன்றம். வெளியே இருக்கிறது என்று அறிக்கை வந்தது. தமிழ்நாடு அதற்கு ஆட்சேபம் தெரிவித்தது. 1886-இல் ஒரு வாக்கியத்தில் எழுதிய லைன், 137 வருடம் கழித்து எங்கே இருக்கிறது என்று தேடப்படுகிறது.

மென்பொருளில் நாங்கள் தினமும் செய்கிற வேலை கிட்டத்தட்ட இதுதான். ஒரு நிபந்தனை எழுதுகிறோம். இதற்குக் கீழே இருந்தால் இப்படி, மேலே இருந்தால் அப்படி. எழுதும்போது தெளிவாகத்தான் இருக்கும். நிஜ உலகத்தின் ஒரு புள்ளியைக் கொண்டுவந்து, இது எந்தப் பக்கம் என்று யாராவது கேட்கும்போதுதான் தலைவலி.

மாநில எல்லையும் இந்த வகைதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது கன்னியாகுமரிப் பகுதி தமிழ்நாட்டுக்கு வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று முகடு நெடுக ஒரு கோடு. இன்றைக்கும் விடிகாலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்களில் பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்கு மேலே போய், சாயங்காலம் இறங்குகிறார்கள். அவர்கள் கோட்டைத் தினம் இரண்டு தடவை தாண்டுகிறார்கள்.

இந்த மூன்று வகையையும் பிரித்துப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெளிவானது. ஓடுகிற லைனுக்கு மறுமுனை உண்டு. அங்கே இருப்பவரிடம் கேட்கலாம். முனை இல்லாத லைனில் உள்ளே, வெளியே என்று பிரிக்கத்தான் முடியும். நடுவில் நிற்கிறது குடியிருந்த லைன். அது ஒரு வரிசை மட்டுமே. அதை யார் எப்போது இடிப்பது என்பதில், அங்கே பிறந்தவர்களிடம் யாரும் லைன் கிளியர் வாங்கவேண்டியதில்லை.

அடுத்த சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தேவாரத்திலிருந்து போடி வந்து, மெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி, கடைசி இரண்டு கிலோமீட்டர் ஜீப்பில். இரண்டு லைன்களில் ஒன்றுக்குக் கூரை எடுத்துவிட்டிருந்தார்கள். இன்னொன்றில் ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் இருந்தன. வாசலில் நின்ற ஒரு பெண்ணிடம் எனக்குத் தெரிந்த இந்தியில், இவர் இங்கே பிறந்தவர் என்று சொன்னேன். அவர் வரிசையைக் கையால் காட்டி, "லைன்?" என்று கேட்டார். அம்மா தலையாட்டினார். இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு சொல்தான், போதுமானதாகவும் இருந்தது. அந்தப் பெண் உள்ளே போய்க் கட்டஞ்சாயா கொண்டுவந்தார்.

அம்மா ஓரத்திலிருந்து கதவுகளை எண்ணிக்கொண்டே நடந்தார். ஐந்தாவது கதவு முன்னால் நின்றார். அப்போது அவர் போன் அடித்தது. சித்தி, சின்னமனூரிலிருந்து. ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்கக்கா இருக்க? காலைலருந்து அடிக்கிறேன்."

"லைன்ல இருக்கேன்."

"அதான் லைன்ல இருக்கியே, பேசிக்கிட்டுத்தான இருக்கோம். எங்க இருக்கன்னு கேட்டேன்."

அம்மா பதில் சொல்லவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. சித்திக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது. அவரும் அங்கே பிறந்தவர்தான்.

"நம்ம கதவு இருக்காக்கா?" என்றார்.

"இருக்கு" என்றார் அம்மா. "நீலப் பெயிண்டு அடிச்சிருக்காங்க."